வாகைகுளத்துக்கு ஜெட் வந்தா எண்ணெய் மிச்சமா, செலவா?

தாமிரபரணிக்காரன்:

நம்ம தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கிற வாகைகுளத்துல ஓடுபாதை 1,350 மீட்டர்ல இருந்து 3,115 மீட்டர் ஆயாச்சு. 2025 ஜூலைல புது டெர்மினலும் திறந்தாச்சு. இன்னும் எதுக்கு நம்மள அந்த விசிறி வச்ச சின்ன ஏடிஆர் பிளேன்லயே அடைச்சு அனுப்பணும்? எங்க வியாபாரிகள் சங்கத்துல மனு ஒண்ணு எழுதிட்டு இருக்கோம். பெரிய பிளேன் விடுங்கன்னு கேக்கப் போறோம். அதுல ஒரு பாயிண்டா, ஏ320நியோ மாதிரி புது ஜெட் 15 சதவீதம் எண்ணெய் கம்மியாக் குடிக்கும், அதனால டிக்கெட்டும் குறையும், புகையும் குறையும்னு போடலாம்னு நினைக்கேன். விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரு சொல்லுங்க, இப்படி எழுதலாமா?

ஸ்பேனர் தாத்தா:

தம்பி, அந்த 15 சதவீதம் எதைவிடக் கம்மி? பழைய ஏ320ஐவிட. ஏடிஆரைவிடன்னு எந்தக் கம்பெனிக்காரனும் சொல்லல. மனுவுல அப்படி எழுதினா விவரம் தெரிஞ்ச ஆபீசர் ஒருத்தன் கையில கிடைச்சதும் சிரிச்சிருவான்.

விசிறின்னு இளக்காரமாச் சொல்லுதீரு. நான் விமானப்படையில ஆவ்ரோ, ஏஎன்-32ன்னு விசிறி பிளேனாப் பிரிச்சு மாட்டினவன், அதனால கொஞ்சம் ரோசம் வருது. கேளும். பிளேனை முன்னால தள்ளணும்னா காத்தைப் பின்னால தள்ளணும். கொஞ்சக் காத்தைப் பிடிச்சு படுவேகமாத் தள்ளலாம், நெறையக் காத்தைப் பிடிச்சு நிதானமாவும் தள்ளலாம். ரெண்டுலயும் ஒரே உந்து கிடைக்கும். ஆனா காத்துக்குக் குடுக்கிற வேகம் ரெட்டிப்பானா ஒவ்வொரு கிலோ காத்தும் வாங்கிட்டுப் போற சக்தி நாலு மடங்கு; காத்து பாதியாக் குறைஞ்சாலும் மொத்தத்துல ரெட்டிப்பு. அது பூரா வெட்டிச் செலவு. அதனாலதான் பெரிய புரொபல்லர் நிதானமாச் சுத்தினா எண்ணெய் மிஞ்சுது.

ஜெட் இன்ஜின்காரனும் அறுபது வருசமா இதைத்தான் துரத்திட்டு இருக்கான். பழைய போயிங் 737-200ல இருந்த ஜேடி8டி இன்ஜின்ல, நடுவுல எரிஞ்சு போற காத்துக்கும் விசிறி மட்டும் தள்ளி விடுற காத்துக்கும் கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணு. அடுத்து வந்த சிஎஃப்எம்56ல ஒண்ணுக்கு அஞ்சு, ஆறு. இப்ப நியோவுல வர லீப்ல ஒண்ணுக்கு பதினொண்ணு, பிராட் அண்ட் விட்னி இன்ஜின்ல பன்னிரண்டு. இந்தப் பைபாஸ் விகிதம் ஏறினதுலதான் மிச்சத்துல ஒரு பெரிய பங்கு வந்தது. அடுத்ததா சிஎஃப்எம் கம்பெனி 2021ல ரைஸ்னு ஒரு திட்டம் அறிவிச்சான். விசிறியைச் சுத்தி இருக்கிற கூட்டையே கழத்திட்டு வெறும் இதழ் மட்டும் சுத்தும், இப்ப உள்ளதைவிட 20 சதவீதம் மிச்சம் பிடிக்கணும்னு இலக்கு. படத்தைப் பாத்தா நம்ம ஏடிஆருக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும்.

செல்வி_தென்காசி:

தாத்தா, தத்துவமெல்லாம் சரி. ஆனா புரொபல்லருக்கு நேரா உள்ள வரிசையில நீங்க ஒருக்கா உக்காந்து பாருங்க. இறங்கின பிறகும் மண்டைக்குள்ள கொய்ங்னு ஓடிட்டே இருக்கும். மாசாமாசம் போறவ நான், எனக்குத் தெரியாதா? (இழைக்குச் சம்பந்தமில்லாத யோசனை: பின்னால் வரிசை கேட்டு வாங்குங்க. சத்தமும் கம்மி, ஏறி இறங்குற வழியும் பின்னால்தான்.)

என் கேள்வி வேற. ஜெட் மணிக்கு 830 கிலோமீட்டர் போகுது, ஏடிஆர் 500. நேரத்துக்கு விலை கிடையாதா?

கணக்குப்பிள்ளை:

இருக்கு. ஆனா வாகைகுளத்தில் இருந்து சென்னை மீனம்பாக்கம் ஆகாச வழியில் 530 கிலோமீட்டர்தான். அதில் ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் போன நேரத்தைக் கழித்துவிட்டால், ஜெட் முழு வேகத்தில் ஓடுவது கொஞ்ச நேரம்தான். மொத்தத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம் மிஞ்சலாம். சென்னையில் பெட்டி வருவதற்குக் காத்து நிற்கும்போது அதுவும் போய்விடும்.

எண்ணெய்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எல்லாம் தோராயம்தான், காற்றும் எடையும் பார்த்து மாறும். இந்தத் தூரத்துக்கு ஏடிஆர் 72 சுமார் 800 கிலோ எரிக்கும். ஏ320நியோ 2,000 கிலோவை ஒட்டி எரிக்கும். முன்னதில் 78 சீட்டு, பின்னதில் 186. ரெண்டும் நிரம்பிப் போனால் சீட்டுக்குப் பத்து, பதினொரு கிலோதான். ஆக ஏடிஆர்தான் எப்பவும் சிக்கனம் என்று தாத்தா சொல்வதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரிய விமானத்துக்கு அதன் பருமனே ஒரு சலுகை.

ஆனால் நம்ம ஊர் ட்ரிப்பில் 70 பேர்தான் ஏறுகிறார்கள் என்று வையுங்கள். ஏடிஆரில் ஆளுக்குப் பதினொன்றரை கிலோ. ஜெட்டில் இருபத்தெட்டரை. அங்கேயே கதை முடிந்தது. மனுவில் இன்ஜின் பேரை எழுதும் முன், தினம் 170 பேர் ஒரே நேரத்தில் சென்னை போவார்களா என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

தாமிரபரணிக்காரன்:

நிரம்பும் அண்ணாச்சி. தூத்துக்குடி துறைமுகத்து ஆட்கள், திருச்செந்தூர் வாராவ, தென்காசி, நாகர்கோவில் எல்லாம் இருக்கே.

கணக்குப்பிள்ளை:

நாகர்கோவில்காரர் திருவனந்தபுரம் போய் ஏறுவார். தென்காசிக்காரர்களில் பாதிப் பேர் மதுரைக்குப் போவார்கள். மிச்சத்தை எண்ணுங்கள்.

செல்வி_தென்காசி:

நான் வாகைகுளம்தான் வாரேன். என்னைக் கழிச்சிராதீங்க.

பணகுடி காத்தாடி:

நான் பிளேன் ஆளு இல்ல, கரண்டு எடுக்கிற காத்தாடியில பிளேடு பாக்கிற வேலை. ஆனா ரெண்டுக்கும் உள்ள சூத்திரம் ஒண்ணுதான், அதனால சொல்லுதேன்.

எல்லாரும் இன்ஜினையே பேசுதிய. றெக்கையைப் பாருங்க. றெக்கைக்கு அடியில அழுத்தம் கூட, மேல கம்மி. அடியில இருக்கிற காத்து நுனி வழியாச் சுத்தி மேல ஏறப் பாக்கும். அங்ஙன ஒரு சுழி விழும். அந்தச் சுழியைச் சுழட்டுறதுக்கு ஆகிற சக்தி எண்ணெய்ல இருந்துதான் போகுது. றெக்கை ஒடுக்கமாவும் நீளமாவும் இருந்தா சுழி சின்னதாயிரும். எங்க காத்தாடி பிளேடு ஏன் அம்புட்டு நீளமா, நுனியில வாள் மாதிரி ஒடுங்கி வருதுன்னு கேக்காதவன் கிடையாது. இதான் பதில்ல ஒரு பாதி.

அப்ப பிளேன் றெக்கையையும் நீட்ட வேண்டியதுதானேன்னா, ரெண்டு மறியல். நீட்டினா அடிவேர்ல வளைவு விசை ஏறும், அதைத் தாங்க இரும்போ அலுமினியமோ கூட்டினா எடை கூடும், மிச்சம் பிடிச்சது அங்கயே போயிரும். கார்பன் நாரு வந்த பிறகுதான் துணிஞ்சு நீட்டுதாங்க. போயிங் 787ல எடையில பாதி இந்தக் கார்பன் நாரு வகைதான். ரெண்டாவது மறியல் விமான நிலையம். ஏ320 அளவு பிளேன் நிக்கிற இடத்துக்கு 36 மீட்டருக்குள்ள றெக்கை இருக்கணும். பழைய ஏ320க்கு 34.1 மீட்டர். நுனியை மேல மடக்கி ஷார்க்லெட்னு வச்ச பிறகு 35.8. எல்லைக்கோட்டைத் தொட்டுட்டு நிக்குது பாருங்க. இப்படி மடக்கினதுல நீண்ட தூரத்துல 4 சதவீதம் வரைக்கும் மிச்சம். நாசாவுல ரிச்சர்ட் விட்கோம்ங்கிறவர் 1970கள்ல இந்த நுனி இறகை ஆராய்ஞ்சு பாத்துச் சொன்னது. போயிங் 777எக்ஸ்ல இன்னும் ஒரு படி மேல. பறக்கும்போது 71.8 மீட்டர், தரையில நுனியை மடக்கி 64.8 ஆக்கிரும்.

நீண்ட தூரத்துலன்னு சொன்னதைக் கவனிங்க. நம்ம சென்னை ட்ரிப்புக்கு அந்த 4 கிடைக்காது. ஏடிஆருக்கு நுனி இறகே கிடையாது, ஆனா றெக்கை முதல்லயே ஒடுக்கமா நீளமாத்தான் இருக்கு. அடுத்த தடவை ஏறும்போது ஜன்னல் வழியா மேல பாருங்க.

இன்னொண்ணு. பிளேடு முன்விளிம்புல பூச்சி செத்து ஒட்டி, மணல் அடிச்சுச் சொரசொரப்பானா எங்களுக்கு யூனிட் குறையும். ஆனி, ஆடி காத்து தொடங்குறதுக்கு முன்ன கழுவுவோம், தேஞ்ச இடத்தை ஒட்டுவோம். பிளேன்லயும் இதே கதைதான். இன்ஜினுக்குள்ள காத்தழுத்துற இதழ்கள்ல தூசி படிஞ்சா எண்ணெய் கூடக் குடிக்கும். தண்ணி அடிச்சுக் கழுவுதாங்க. புது டெக்னாலஜின்னு எல்லாரும் வாயைப் பொளக்கோம், கழுவுறதுல கிடைக்கிற மிச்சத்தை எவனும் பேச மாட்டான்.

நெறியாளர்:

பெட்டி எடை, அல்வா டப்பா, கேபினில் கருவாடு அனுமதி பற்றிய பதினாலு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே எரிபொருள் மட்டும்.

மானாவாரி:

நெறியாளரே, அல்வா டப்பாவும் எடைதானே வே.

வள்ளியூர் வாத்தியார்:

இந்தப் பேச்சில் மகேந்திரகிரியைச் சொல்லாமல் விட்டால் நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பெருமை இல்லை. இஸ்ரோவின் உந்துகை வளாகத்தில் திரவ ஹைட்ரஜன் வைத்து கிரையோஜெனிக் இன்ஜினைச் சோதிக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கேட்பது: சார், ராக்கெட்டுக்கு ஊற்றுவதை விமானத்துக்கு ஊற்றினால் புகையே வராதே?

ஊற்றலாம். ஊற்றியும் இருக்கிறார்கள். 1988 ஏப்ரலில் சோவியத் நாட்டில் டுபொலேவ் டியூ-155 என்ற விமானம் ஒரு இன்ஜினைத் திரவ ஹைட்ரஜனில் ஓட்டிப் பறந்தது. கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் ஹைட்ரஜனில் 120 மெகாஜூல், விமான எண்ணெயில் 43. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பிள்ளைகள் இங்கே கை தட்டுவார்கள். பிறகு கரும்பலகையில் அடுத்த வரியை எழுதுவேன்: ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜன் 71 கிராம்தான். லிட்டர் கணக்கில் எண்ணெயின் கால்வாசி சக்திகூட வராது. அதையும் மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். இப்போது எண்ணெய் இறக்கைக்குள் இருக்கிறது. குளிர்ந்த ஹைட்ரஜனை இறக்கைக்குள் தட்டையாக ஊற்ற முடியாது, உருளையான தடித்த தொட்டி வேண்டும், அது உடம்புக்குள் பயணிகள் இடத்தைத் தின்னும். ராக்கெட் சில நிமிடத்தில் எல்லாவற்றையும் எரித்து முடித்துவிடுகிறது. விமானம் மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். 2035க்குள் ஹைட்ரஜன் விமானம் என்று 2020இல் அறிவித்த ஏர்பஸ், 2025இல் அந்தக் கெடுவைத் தள்ளி வைத்தது.

பேட்டரி என்று யாராவது கேட்கும் முன்: ஒரு கிலோ எண்ணெயில் 12 யூனிட் அளவுக்குச் சக்தி. இன்றைய நல்ல பேட்டரியில் கிலோவுக்குக் கால் யூனிட். மோட்டார் இன்ஜினைவிடத் திறமையானது என்பதைக் கணக்கில் சேர்த்தாலும் இடைவெளி அடையாது. எண்ணெய் எரிய எரிய விமானம் இலேசாகிக்கொண்டே வரும். பேட்டரி எடை கிளம்பியதில் இருந்து இறங்கும் வரை அப்படியே இருக்கும்.

ஏடிஆருக்கு ஆதரவாக ஒன்று. அது 25,000 அடிக்கு மேல் ஏறாது. ஜெட் விட்டுப்போகும் வெள்ளைக்கோடு, உயரத்தின் கடுங்குளிரில் புகையோடு வரும் நீராவி உறைந்து உண்டாவது. அதுவும் பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நம்ம வெப்பநாட்டு வானத்தில் ஏடிஆர் போகும் உயரத்தில் அந்தக் குளிர் கிடையாது, கோடும் விழாது.

மானாவாரி:

வாத்தியாரு ஹைட்ரஜன் சொன்னாரு, நான் காட்டாமணக்கு சொல்லுதேன். மானாவாரி நிலத்துல போடுங்க, ஆடு கடிக்காது, தண்ணி வேண்டாம், டீசலும் வரும் பிளேனுக்கும் போகும்னு சொல்லிக்கிட்டு வந்தாவ. எங்க ஊர்ப்பக்கம் பல பேரு நட்டாங்க. ஆடு கடிக்கல, உண்மை. காயும் வரல. தண்ணி விட்டவன் காட்டுலதான் நாலு காய் காய்ச்சுது. தண்ணி விட முடிஞ்சா நான் ஏன் வே காட்டாமணக்கு போடுதேன்? வாங்குற ஆளையும் காணல. வேரோட பிடுங்கிப் போட்டுட்டு உளுந்து விதைச்சேன்.

பிளேன் பறந்தது நெசம்தான், இல்லங்கல. 2018 ஆகஸ்ட்ல டேராடூன்ல இருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட்டோட விசிறி பிளேன் ஒண்ணு காட்டாமணக்கு எண்ணெய் கலந்து போச்சு. டேராடூன்ல உள்ள பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையம் செஞ்ச எண்ணெய். கலந்தது கால் பங்கு, அதுவும் ஒரு இன்ஜின்ல. பறக்குமாங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எவன் காட்டுல, எந்தத் தண்ணியில விளையும்ங்கிறதுதான் கேள்வி.

கணக்குப்பிள்ளை:

மானாவாரி சொல்வது பாதி இழைக்குச் சமம். வெளிநாடு போகும் விமானங்களுக்கு 2027இல் 1 சதவீதம், 2028இல் 2, 2030இல் 5 என்று நம்ம அரசு இந்த மாற்று எண்ணெய்க்கு இலக்கு வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 2025இலேயே 2 சதவீதம் கட்டாயமாகிவிட்டது. பொரித்த எண்ணெய், கொழுப்பு, கரும்புச் சாராயம் என்று மூலப்பொருள் தேடுகிறார்கள். சாதாரண எண்ணெயைவிட விலை பல மடங்கு. இது சிக்கனம் ஆகாது, அதே அளவு எரியும். புகைக்கணக்கு மட்டும் மாறும். ரெண்டையும் குழப்பக் கூடாது.

ரயில்பைத்தியம்:

எல்லாரும் பேசி முடிச்சாச்சா? ஒரு டன் எடையை ஆகாசத்துல பிடிச்சு வச்சுக்கிட்டே முன்னால இழுக்க நல்ல பிளேனுக்கு 55, 60 கிலோ இழுவிசை வேணும். தண்டவாளத்துல அதே ஒரு டன்னுக்குப் பத்து கிலோகூட வேண்டாம். எடையைத் தாங்குற வேலையைத் தண்டவாளம் பாத்துக்கிடும். நெல்லையில இருந்து எழும்பூருக்கு 2023 செப்டம்பர்ல வந்தே பாரத் விட்டாச்சு, எட்டு மணி நேரத்துக்குள்ள போயிரும். கரண்டு வண்டி. பணகுடி தம்பி கழுவி வச்ச பிளேடுல வர கரண்டும் அந்தக் கிரிட்டுக்குத்தான் போகுது. இதைவிடச் சிக்கனமான பிளேனை எவன் செய்வான்?

செல்வி_தென்காசி:

நெல்லை எக்ஸ்பிரஸ்ல வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுத்துக் காட்டுங்க அண்ணே, அப்புறம் பேசுவோம்.

ரயில்பைத்தியம்:

அதுக்கு இன்னும் ரெண்டு வண்டி விடச் சொல்லி மனு எழுதணும். இவங்க பிளேனுக்கு எழுதுதாங்க.

தாமிரபரணிக்காரன்:

அண்ணே, காலையில போய் சாயங்காலம் திரும்பணும்னா ரயில் ஆகாது. அவசர ஆளுக்குத்தான் பிளேன். காருலயும் போறாங்கள்லா, அதைச் சொல்ல மாட்டேங்கிய.

கணக்குப்பிள்ளை:

கார் கணக்கும் பார்ப்போம். சாலை வழி 620 கிலோமீட்டர் சுமார். லிட்டருக்குப் 15 கொடுக்கும் காரில் ஒருத்தர் மட்டும் போனால் 41 லிட்டர். நாலு பேர் போனால் ஆளுக்குப் பத்து. நிரம்பிய ஏடிஆரில் ஆளுக்கு 13 லிட்டர். ஆக தனியாகக் காரில் போகிறவர் விமானத்தைக் குறை சொல்லக் கூடாது.

இன்னொன்று, யாரும் தொடாதது: வரி. தமிழ்நாட்டில் விமான எண்ணெய்க்கு வாட் 29 சதவீதம் என்று பல வருடமாக நிற்கிறது. வரி குறைந்த மாநிலத்தில் தேவைக்கு மேல் நிரப்பிக்கொண்டு வந்து இங்கே நிரப்பாமல் திரும்புவது கம்பெனிகளுக்கு லாபம். அப்படிச் சுமந்து வரும் கூடுதல் எண்ணெயில், பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 3 சதவீதம் அளவு அதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும். பணம் மிச்சம், எண்ணெய் நஷ்டம். இதைத் திருத்த ஒரு இன்ஜினியரும் வேண்டாம், ஒரு கையெழுத்து போதும்.

ஸ்பேனர் தாத்தா:

கணக்குப்பிள்ளை, நீரு சொன்ன சீட்டுக் கணக்கு பறக்கிற நேரத்துக்கு மட்டும். தரையில நடக்கிறதையும் சேரும். சென்னையில ஜெட் ரெண்டு இன்ஜினையும் ஓடவிட்டு வரிசையில ஊர்ந்தா நிமிசத்துக்குப் பத்து கிலோ அளவுக்குப் போகும். அதான் இறங்கின பிறகு ஒரு இன்ஜினை அணைச்சிட்டு ஓட்டுதாங்க. நிக்கும்போது ஏசிக்கும் கரண்டுக்கும் வால்ல ஒரு குட்டி இன்ஜின் ஓடும், அதுவும் மணிக்கு நூறு கிலோவைத் தாண்டும். தரையில இருந்து வயர் குடுத்தா அதையும் நிறுத்திரலாம். ஏடிஆர்ல அந்தக் குட்டி இன்ஜினே கிடையாது. வலது பக்க இன்ஜினை ஓட்டி, புரொபல்லருக்கு மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, அதுல இருந்தே கரண்டு எடுத்துக்கிடுவாங்க. ஒரு இன்ஜின் எடை மிச்சம்.

சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிருதேன். எண்ணெய் கம்மியாக் குடிக்கணும்னா உள்ள சூடும் அழுத்தமும் ஏத்தணும். ஏத்தினா உலோகம் தாங்கணும். பிராட் இன்ஜினுக்குள்ள சுத்துற தட்டு செய்யுற உலோகப் பொடியில கசடு கலந்துட்டுன்னு 2023 ஜூலைல கம்பெனியே சொல்லிச்சு. அதுக்குப் பிறகு உலகம் பூரா நூத்துக்கணக்கான நியோ பிளேன் சோதனைக்காகத் தரையில நின்னுது, நம்ம நாட்டுலயும் வரிசையா நிறுத்தி வச்சிருந்தாங்க. நிக்கிற பிளேன்ல எத்தனை சதவீதம் மிச்சம்னு கேட்டா, நூறுன்னு சொல்லலாம்.

வள்ளியூர் வாத்தியார்:

தாத்தா கடைசியில் சிரிக்க வைத்துவிட்டார்.

தாமிரபரணியாருக்கு ஒரு வார்த்தை. மனுவில் டிக்கெட் குறையும் என்று எழுதுகிறீர்கள். குறைந்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் ட்ரிப் கூடும். ஒவ்வொரு தலைமுறை விமானமும் சீட்டுக்குக் கம்மியாகத்தான் எரிக்கிறது. மொத்த எண்ணெய்ச் செலவு கொரோனா மாதிரி சில காலம் தவிர ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. விமானம் வரட்டும், நான் தடுக்கவில்லை. புகை குறையும் என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பணகுடி காத்தாடி:

ஆமா. நேரம் மிச்சம், வியாபாரம் வளரும்னு எழுதுங்க. அது நெசம், எவனும் மறுக்க மாட்டான்.

தாமிரபரணிக்காரன்:

சரி, மனுவை இப்படி மாத்துதேன். ஒண்ணு, காலையில ஏழு மணிக்கு முன்ன ஒரு ஏடிஆர், ராத்திரி எட்டு மணிக்குத் திரும்ப ஒண்ணு. ரெண்டு, விமான எண்ணெய் வரியைக் குறைக்கச் சொல்லி மாநில அரசுக்குத் தனி நகல். மூணு, வெள்ளி, ஞாயிறு, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், பொங்கல் சமயத்துல மட்டும் ஜெட். அந்த நாள்ல 186 சீட்டும் நிரம்பும், கணக்குப்பிள்ளை அண்ணாச்சி தாராளமா வந்து எண்ணிக்கிடலாம். எண்ணெய் பாயிண்டை எடுத்தாச்சு. விசிறிங்கிற வார்த்தையை எடுக்கல.

ஸ்பேனர் தாத்தா:

அதை எடுத்துட்டு அனுப்பும் வே. சங்கத்து லெட்டர்பேடுல விசிறின்னு எழுதாதீரு, டர்போபிராப்னு எழுதும். நகல் டெல்லிக்கும் ஒண்ணு போகட்டும். சீட்டு நிரம்புற நாள்கணக்கு இருந்தா இணைச்சு அனுப்பும், இல்லைன்னா படிக்காமலே வச்சிருவான்.